பட்டையைக் கழற்றாத கதாநாயகன்

சூர்யகலா வசனம் எழுதும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவாள். திண்டுக்கல் நாகல் நகரில் மாடி வீடு; காலை வெயிலுக்கே தளம் காந்தத் தொடங்கிவிடும். ஆனாலும் விசிறி ஓடினால், திரையில் பேசுகிறவர்களின் மூச்சு எங்கே நிற்கிறது என்பது காதில் விழாது. அவளுக்கு அந்த மூச்சுதான் முக்கியம். ஜப்பானிய அனிமே தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவள் பிழைப்பு. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. சென்னையில் உள்ள ஒரு டப்பிங் நிறுவனம் படத்தையும் ஆங்கில வசனத்தையும் அனுப்பிவைக்கும். அவள் தமிழில் எழுதி, திரையில் உதடு அசைகிற நேரத்துக்குள் அந்த வரி அடங்குகிறதா என்று உரக்கப் பேசிப் பார்ப்பாள்.

குடிவந்த புதிதில், "கிட்ட வராதே! வந்தால் இந்த மலையையே எரித்துவிடுவேன்!" என்று அவள் கத்தியதைக் கேட்டு, கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா நசீம் பானு படியேறி ஓடி வந்தார். "என்னம்மா, வீட்டுக்காரரு கைய ஓங்கிட்டாரா?" என்று கேட்டவர், அறையில் சூர்யகலா மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து இன்னும் அதிகமாகப் பயந்தார். இப்போதெல்லாம் மாடியில் கொலையே நடந்தாலும் கீழே கண்டுகொள்வதில்லை.

இந்த வேலைக்கு வருமுன் அவள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு போனவள். மூன்று வருட ஒப்பந்தம். ஆலைச் சுவருக்குள்ளேயே விடுதி; தனியாக வெளியே விடமாட்டார்கள். நூல் சுற்றி ஓடும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும், நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்து, அஞ்சல் வழியில் தமிழ் படித்தாள். இந்தித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவர் ஒருவருக்கு முதலில் உதவியாளாக எழுதிக்கொடுத்து, பிறகு தானே எழுத ஆரம்பித்தாள். கணவன் அசோக்குமார் சிறுமலைக்கு பஸ் ஓட்டுகிறான்.

அனிமேயில் அவளிடம் அதிகம் வந்தவை விளையாட்டு உலகக் கதைகள்தான். யாரோ ஒரு சாதாரண ஆள் இந்த உலகத்தில் செத்துப்போவான். கண் விழித்தால் வீடியோ கேம் போன்ற வேறொரு உலகம். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் நீல நிறத்தில் ஒரு கட்டம். அதில் அவர்களுடைய பலம், வித்தை, படி எல்லாம் எழுதியிருக்கும். அரக்கர்களைக் கொன்றால் படி ஏறும். ஆரம்பத்தில் சூர்யகலாவுக்கு இந்தக் கதைகள் மிகவும் பிடித்திருந்தன. உழைத்தால் தலைக்கு மேல் உள்ள எண் ஏறுகிற உலகம் யாருக்குத்தான் பிடிக்காது? மில்லில் எத்தனை நூலுக்கு முடிச்சுப் போட்டபோதும் அவள் தலைக்கு மேல் பஞ்சுத் தூசி தவிர வேறெதுவும் ஏறியதில்லை.

போன வருடம் வந்த தொடரில் நாயகன் பெயர் தெருகி. அலுவலக மேசையில் தலை சாய்ந்து இறந்துபோனவன். புதிய உலகத்தில் அவன் முதலில் போய்ச் சேருகிற ஊரில் ஓர் அடிமைச் சந்தை. அங்கே ஆட்டுக்கொம்பு முளைத்த மோரின் என்ற பெண்ணைக் கழுத்தில் இரும்புப் பட்டையோடு நிறுத்தியிருப்பார்கள். வியாபாரி அவள் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவான். அந்தக் காட்சியை எழுதும்போது சூர்யகலாவுக்கு அய்யலூர்ச் சந்தை கண்முன் வந்தது. சிறு வயதில் அப்பாவோடு ஆடு பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். தரகர்கள் அப்படித்தான் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

தெருகி மோரினை விலைக்கு வாங்குகிறான். வாங்கிய அன்றே அவளிடம், "மனுசங்களை வாங்கி விக்கிற உலகம் எனக்கு வேண்டாம். உன்னை ஒருநாள் நிச்சயமா விடுவிப்பேன்" என்கிறான். அந்த வரியை சூர்யகலா மனமுருகி எழுதினாள். ஐந்தாம் பகுதியில் அவனுக்கு ஒரு புதிய வித்தை கிடைக்கிறது. எந்தப் பூட்டையும், எந்தக் கட்டையும், எந்தச் சாபத்தையும் அவிழ்க்கிற வித்தை. அதற்குத் தமிழில் ஒரு பெயர் தேடி அவள் வெகுநேரம் திணறி, கடைசியில் 'கட்டவிழ்' என்று வைத்தாள். ஆறாம் பகுதியில் தெருகி "கட்டவிழ்!" என்று கத்தியதும், நூறாண்டுகளாகக் கிடந்த ஒரு பறவை நாகத்தின் சங்கிலி தூள்தூளாகிறது.

ஏழாம் பகுதியில் இருவரும் தீமூட்டிக் குளிர்காய்கிறார்கள். மோரின் கழுத்தில் பட்டை அப்படியே இருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள்: "எசமான், இந்தப் பட்டை இருக்கிறவரைக்கும்தான் எனக்குப் பாதுகாப்பா இருக்கு." தெருகி புன்னகைத்து அவள் தலையைத் தடவுகிறான். இனிமையாக இசை வருகிறது.

சூர்யகலா படத்தை நிறுத்திவிட்டு, சென்னையில் அவள் வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் விக்னேஷ்குமாருக்கு போன் செய்தாள்.

"விக்னேஷ், போன எபிசோட்ல அம்புட்டுப் பெரிய சங்கிலியையே அவுத்துட்டான். இவ பட்டைய ஏன் கழட்டல?"

விக்னேஷ் சிரித்தான். "ரைட்டர் மறந்திருப்பாருக்கா. இதெல்லாம் நெட்ல வாராவாரம் எழுதுன கதைங்க. முன்னாடி என்ன எழுதுனோம்னு அவங்களுக்கே தெரியாது. இந்த மாதிரி சீரிஸ்ல இது சகஜம்."

"மறந்திருந்தா சும்மா விட்டிருப்பாரு. பட்டை இருக்கிறதுதான் பாதுகாப்புன்னு அவ வாயாலயே எதுக்குச் சொல்ல வைக்கிறாரு?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க லிப் சிங்க் மட்டும் பாருங்கக்கா. வெள்ளிக்கிழம ரெக்கார்டிங்" என்றான்.

மத்தியானம் சாப்பிட வந்த அசோக்குமாரிடமும் சொன்னாள். அவன் சோற்றில் குழம்பைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டான். "எவனோ எழுதுன கதை புள்ள. நான் ஓட்டுற பஸ்ஸுக்கு ரூட்டு நானா போட்டேன்? வளைவு வந்தா ஒடிச்சுத் திருப்பிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

அவளால் போய்க்கொண்டே இருக்க முடியவில்லை. அந்த வரி அவளுக்குத் தெரிந்த வரி. அவள் விடுதியில் இருந்தபோது, வார்டனைப் பிள்ளைகள் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. காய்ச்சல் என்றால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவார். ஒருமுறை, பிள்ளைகளை அடைத்துவைத்திருக்கிறார்களா என்று வெளியிலிருந்து யாரோ விசாரிக்க வருகிறார்கள் என்றதும், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "எங்களுக்கு இங்கதான் பாதுகாப்பா இருக்கு" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தார். முன்வரிசையில் நின்ற சூர்யகலா அதைத் தெளிவாகச் சொன்னாள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அன்று சொன்னது பொய்யா என்று இப்போது யோசித்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை. சொல்லும்போது அது உண்மை போலத்தான் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

வெள்ளிக்கிழமைக்கு முன் அவள் அந்த வரியை மாற்றினாள். "எசமான், இந்தப் பட்டைய உங்களால கழட்ட முடியும்தானே? அப்புறம் ஏன்?" உதட்டசைவுக்கு அச்சாகப் பொருந்தியது. கதை மறந்துபோனதை நினைவூட்டுகிறோம், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதிவு முடிந்தது. அடுத்த மாதம் வெளியானது.

வெளியான அன்று அவளும் பார்த்தாள். மோரின் கேட்கிறாள். தெருகி புன்னகைத்து, பதில் பேசாமல் தலையைத் தடவுகிறான். அதே இனிமையான இசை. ஆங்கிலத்தில் மறதிக்காரனாக இருந்தவன் தமிழில் கல்நெஞ்சன் ஆகியிருந்தான். அதைவிட மோசமானது இன்னொன்று. மீதிப் பகுதிகளில் மோரின் சிரிக்கிறாள், அவனுக்குச் சமைக்கிறாள், அவனுக்காக வெட்டுப்படுகிறாள். இப்போது அந்தச் சிரிப்பெல்லாம், கேட்டும் கிடைக்காத ஒருத்தியின் சிரிப்பு. காப்பாற்ற நினைத்துப் போட்ட ஒரே வரியில் மோரினின் நிலைமையை அவள் இன்னும் கேவலமாக்கிவிட்டாள்.

பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். "இவன் ஹீரோவா, சைக்கோவா?" என்று சிலர் கொதித்தார்கள். தமிழில்தான் கதை நன்றாக இருக்கிறது என்று சிலர் கொண்டாடினார்கள். அதற்குள் ஒருவன் ஜப்பானிய வசனத்தோடு ஒப்பிட்டு, வரி மாறியிருப்பதைக் காட்டிவிட்டான். எழுதியது யார், பொம்பளையா, கதையைக் கெடுக்க இவள் யார் என்று வசவு தொடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு ஆறாமல் வேடசந்தூருக்கு பஸ் ஏறினாள். அவளோடு மில்லில் சேர்ந்த மலர்விழி இன்னும் அங்கேதான் இருந்தாள். ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை, கல்யாணம் கைகூடவில்லை, விடுதியிலேயே தங்கி, இப்போது அவள்தான் வார்டன். உள்ளூர்ப் பிள்ளைகள் குறைந்துபோய், ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள்தான் விடுதி முழுக்க. அவர்களிடமே இந்தி கற்றுக்கொண்டிருந்தாள் மலர்விழி. யாருக்கு எந்தக் குழம்பு ஒத்துக்கொள்ளாது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

சூர்யகலா விஷயத்தைச் சொன்னதும் அவள் கையைத் தட்டினாள். "ஏ, அதுவா? எங்க புள்ளைக எல்லாம் அத ஹிந்தில பாக்குதுகடி. பினோதினிக்கு அந்தக் கொம்புக்காரின்னா உசுரு." சொன்னவள் குரல் கொடுத்து, ஒல்லியாக, முன்பல் லேசாக எடுப்பாக இருந்த ஒரு பெண்ணை வரவழைத்தாள்.

சூர்யகலா தன் போனில் தமிழ்க் காட்சியைப் போட்டுக் காட்டினாள். மலர்விழி வரியை இந்தியில் சொன்னாள். பினோதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"நெசமாவே அவ அப்படிக் கேட்டாளான்னு கேக்குறா" என்றாள் மலர்விழி.

"இல்லன்னு சொல்லு. நான்தான் கேக்க வச்சேன்."

அது இந்தியில் போய்ச் சேர்ந்ததும் பினோதினி சூர்யகலாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மலர்விழியிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் வேகமாக ஒன்று கேட்டாள். மலர்விழி பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவி உள்ளே அனுப்பினாள்.

கேட் வரை வழியனுப்ப வந்தபோது, "அந்தப் புள்ள கடைசியா என்னடி கேட்டா?" என்றாள் சூர்யகலா.

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம தனியா வேடசந்தூர் வரைக்கும் போயிட்டு வரலாமாங்கிறா. ஆள் இல்லாம எப்படி அனுப்புறது?"

"நீ தலையத் தடவுன."

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"சாவி உங்கிட்டதான இருக்கு மலரு?"

மலர்விழிக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவி எங்கிட்ட இருக்கு. மில்லு எங்கிட்டயா இருக்கு? பாஷை தெரியாத புள்ளைக. வெளிய போயி எவன்கிட்டயாச்சும் மாட்டிக்கிட்டா அவுக அப்பன் ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது, நீயா? பொம்மைக்கு வசனம் எழுதிட்டு வந்து எனக்கு நாயம் பேசுற."

"பெரியம்மாவும் நம்மகிட்ட இதேதான் சொல்லும்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அடுத்த நொடியே சூர்யகலாவுக்குத் தோன்றியது. மலர்விழி கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு கேட்டைத் திறந்துவிட்டாள். "பஸ் வந்துரும். போ" என்றாள்.

அடுத்த சில நாட்களில் விக்னேஷ்குமார் கூப்பிட்டான். தொடரின் உரிமையாளர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை மறுபடி பதிவு செய்து மாற்றப்போகிறார்கள். மிச்சப் பகுதிகளை வேறு ஆள் எழுதுவார். "உங்களுக்கு ஒரு சமையல் ஷோ தரேங்க்கா, கொஞ்ச நாளைக்கு அது போதும்" என்றான். போனை வைக்கப்போனவன் நின்று, "எனக்கு அந்த லைன் ரெக்கார்டிங்லயே தெரியும். புடிச்சிருந்துச்சு, அதான் கண்டுக்காம விட்டேன்" என்றான். அவனுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது.

சூர்யகலா சமையல் நிகழ்ச்சிக்கு எழுதினாள். வெங்காயம் பொன்னிறமாக வதங்குவதில் யாருடைய நியாயமும் புரளவில்லை. ஆனாலும் மோரின் அவளை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, அடுத்த வரியாக தெருகி என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவன் பட்டையைக் கழற்றிவிட்டு, அவள் போய்விட்டால்? அந்தப் பயம்தான் எழுதினவனுக்கு இருந்திருக்குமோ?

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு மாலை மலர்விழியின் அழைப்பு வந்தது. கேட்டில் பிரிந்த பிறகு இருவரும் பேசவே இல்லை.

"பினோதினி திரும்பி வரலடி" என்றாள்.

அப்போதுதான் சூர்யகலாவுக்கு விஷயம் தெரிந்தது. சண்டை போட்ட அடுத்த வாரத்திலிருந்தே மலர்விழி, யாரையும் கேட்காமல், ஞாயிறு மத்தியானங்களில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வெளியே விட ஆரம்பித்திருந்தாள். எல்லோரும் வளையலும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நேரத்துக்குத் திரும்பினார்கள். அன்று பினோதினியோடு போனவள் மட்டும் தனியாக அழுதுகொண்டு வந்து நின்றாள்.

அசோக்குமார் வண்டியை எடுத்தான். மில்லுக்குப் போய் மலர்விழியையும் ஏற்றிக்கொண்டு, வேடசந்தூர் பேருந்து நிலையம், திண்டுக்கல் பேருந்து நிலையம், ரயில் நிலையம் என்று மூவருமாக அலைந்தார்கள். நடைமேடையில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண்களையெல்லாம் மலர்விழி கிட்டப் போய் முகம் பார்த்தாள். பினோதினியின் போன் அணைந்திருந்தது. "எவன் கூட்டிட்டுப் போனானோ, என்ன ஆனாளோ" என்று சொல்லிச் சொல்லியே மலர்விழி சோர்ந்துபோனாள். சூர்யகலா அவள் பின்னாலேயே நடந்தாள். கதையில் ஒரு வரியை மாற்றினால், பிடிக்காவிட்டால் இன்னொரு முறை பதிவு செய்துகொள்ளலாம்.

மறுநாள் பினோதினியே கூப்பிட்டாள். ரயிலில் இருந்தாள், ஆந்திராவைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, கேட்டால் ஒப்பந்தம் முடியட்டும் என்பார்கள், அதனால் சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள். ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு குரல் பதிவும் வந்தது. அதற்குப் பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மில்லில் மலர்விழியை வேலையை விட்டு அனுப்பினார்கள். புதிய வார்டன் வந்தார். ஞாயிறு வெளியே போவது எல்லோருக்கும் நின்றது. முன்பு ஆள் துணையோடு போய்வந்ததுகூட இனி இல்லை என்றாகிவிட்டது. மலர்விழி பெட்டியோடு கிளம்பியபோது சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் அவள் பக்கமே பார்க்கவில்லை.

போக இடமில்லாதவளை சூர்யகலா நாகல் நகருக்கு அழைத்து வந்தாள். சமையற்கட்டை ஒட்டிப் பாய் விரித்துக் கொடுத்தாள். "எம்மேல கோவமாடி?" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

மலர்விழி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "உன்னாலதான்னு சொல்ல மாட்டேன். தொறந்தது நான்தான். ஒருத்தி ஆத்தாகிட்டப் போய்ச் சேந்தா. மத்தவளுகளுக்கு இருந்த கொஞ்சமும் போச்சு. சந்தோசப்படுறதா, அழுகுறதா, எனக்கே தெரியல."

சூர்யகலாவுக்கும் தெரியவில்லை. அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

கொஞ்ச நாளில் மலர்விழிக்கு பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காலையில் போய் மாலையில் வருகிற வேலை. முதல் வாரம் முடிந்து ஞாயிறு வந்தது. குளித்து, தலை வாரி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வசனம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்த சூர்யகலாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் செத்த வெளிய போயிட்டு வரட்டுமா?"

சூர்யகலா படத்தை நிறுத்தினாள். பள்ளிக்கூடம் முடித்த வயசிலிருந்து தலையில் நரை தெரிகிற இந்த வயசு வரை அந்தச் சுவருக்குள் இருந்தவள், கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"எங்கிட்ட எதுக்குடி கேக்குற? போயிட்டு வா."

மலர்விழி தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். சூர்யகலா வேலையைத் தொடர்ந்தாள். ஒரு காட்சிகூட முடியவில்லை, படியில் திரும்பக் காலடி கேட்டது.

"அதுக்குள்ள வந்துட்ட?"

"தெரு முக்கு வரைக்கும் போனேன்" என்றாள் மலர்விழி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்கிட்டுப் போறதா இங்கிட்டுப் போறதான்னு தெரியல. நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."